உள்ளூர், இயற்கை என்று சொல்லி விற்பதை எப்படிச் சரிபார்ப்பது?

கூடைக்கணக்கு:

குடியிருப்பில் 30 வீடுகள் சேர்ந்து காய்கறி, முட்டை, தேன், மீன் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை மொத்தமாக வாங்குவதாக முடிவாகியிருக்கிறது. கொள்முதல் என் பொறுப்பு. பக்கத்தில் விளைந்திருக்க வேண்டும், மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் விளைவித்திருக்க வேண்டும், விளைவித்தவர் யார் என்று தெரிய வேண்டும். குழுவின் நிபந்தனை இவ்வளவுதான். ஆனால் விற்க வருகிறவர்கள் அத்தனை பேரும் "எல்லாம் நம்ம தோட்டத்துச் சரக்கு, மருந்தே அடிக்கிறதில்லை" என்கிறார்கள். ஒருவர் சான்றிதழ் நகலை நீட்டுகிறார், இன்னொருவர் ஆய்வக அறிக்கையை.

பொட்டலத்தில் எதைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும்? பார்கோடின் முதல் மூன்று எண் நாட்டைக் காட்டும் என்பது சரியா? சான்றிதழ் இல்லாத சிறு விவசாயியிடம் என்ன கேட்க வேண்டும்? "உள்ளூர்" என்பதற்கு எத்தனை கிலோமீட்டர் எல்லை வைப்பது? பொதுவான அறிவுரை வேண்டாம், நாளைக்கே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

லேபிள்புழு:

பார்கோடை முதலில் தள்ளி வையுங்கள். அந்த முதல் மூன்று எண், ஜிஎஸ்1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளை அந்த நிறுவனத்துக்கு எண் ஒதுக்கியது என்பதை மட்டும் சொல்லும். 890 என்று இருந்தால் நிறுவனம் இந்தியக் கிளையில் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பருப்பு வேறு கண்டத்தில் விளைந்ததாக இருக்கலாம்.

பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரின் எண்ணும் அப்படித்தான். 4011 என்றால் சாதாரண மஞ்சள் வாழைப்பழம், முன்னால் 9 சேர்ந்து 94011 என்றால் ஆர்கானிக் முறையில் விளைந்தது. கல்லாவில் விலை போட உண்டான எண் அது, விளைந்த நாட்டைச் சொல்லாது. 8-ல் தொடங்கினால் மரபணு மாற்றியது என்று ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. அதற்கென்று 8 ஒதுக்கப்பட்டது உண்மை, கடைகளில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை.

படிக்க வேண்டியது வினைச்சொல்லை. "விளைந்தது", "தயாரிக்கப்பட்டது", "பொட்டலமிடப்பட்டது", "சந்தைப்படுத்துவோர்" நான்கும் நான்கு வேறு சமாசாரங்கள். கடைசி இரண்டும் விளைந்த இடத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. "தயாரிக்கப்பட்டது" என்பதில் ஏமாறுவதுதான் அதிகம். கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் என்ற சர்வதேச உணவுத் தர நெறியின் லேபிள் விதிப்படி, ஒரு பொருள் இரண்டாவது நாட்டில் தன்மை மாறும் அளவுக்குப் பதப்படுத்தப்பட்டால் அந்த இரண்டாவது நாடுதான் 'பிறப்பிட நாடு'. ஒரு கடலில் பிடித்து, இன்னொரு நாட்டு ஆலையில் வேகவைத்து டப்பாவில் அடைத்த மீனுக்கு ஆலை இருக்கும் நாட்டின் பெயர் வருவது இதனால்தான். சட்டப்படி அதில் பொய் எதுவும் இல்லை, உங்கள் கேள்விக்குப் பதிலும் இல்லை. எண்ணெய், ஊறுகாய், ஜாம், மாவு எல்லாவற்றிலும் இதே ஓட்டை உண்டு. மூலப்பொருள் எங்கே விளைந்தது என்று தனியாக எழுதிக் கேளுங்கள்.

உண்மையில் உதவுவது லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்குப் போடும் எண். லாட் எண், தயாரித்த தேதி, தயாரித்த இடத்தின் உரிம எண் மூன்றையும் குறித்து நிறுவனத்துக்கு அனுப்பி, "இந்த லாட்டுக்கு மூலப்பொருள் எந்தப் பகுதியிலிருந்து, எந்த மாதம் வந்தது?" என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 ஜனவரி 1 முதல், ஒவ்வொரு உணவு வணிகரும் யாரிடம் வாங்கினார், எந்த வணிகருக்கு விற்றார் என்று ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் காட்டியாக வேண்டும். வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற விதி உண்டு. ஆகவே தகவல் அவர்களிடம் இருக்க வாய்ப்பு அதிகம். வாங்குபவருக்குச் சொல்லும் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. சொல்கிறவரிடம் வாங்குங்கள். லாட் எண்ணே போடாத பொட்டலத்தில் என்ன முத்திரை குத்தியிருந்தாலும் வேண்டாம், சிக்கல் வந்தால் எதைத் திரும்பப் பெறுவது என்று அவருக்கே தெரியாது.

கோகோ, பாமாயில், தேயிலை பக்கம் போனால் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. முத்திரை இருப்பதால் சான்று பெற்ற சரக்குதான் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாமாயிலுக்கான ஆர்எஸ்பிஓ என்ற சான்றிதழ் முறையில் நான்கு வகை. முதல் வகையில் ஒரே மூலத்துச் சரக்கு கடைசிவரை தனியாகவே வரும். இரண்டாவதில் சான்று பெற்ற பல மூலங்களின் சரக்கு தங்களுக்குள் கலக்கும், சான்றில்லாதது சேராது. மூன்றாவது மாஸ் பேலன்ஸ்: ஆலையில் எல்லாம் கலந்துவிடும், 100 டன் சான்றுச் சரக்கு உள்ளே போனால் அதற்கு ஈடான அளவுக்கு முத்திரையோடு விற்கலாம், கணக்கு மட்டும் டேலி ஆக வேண்டும். நான்காவதில் சரக்கே கைமாறாது, சான்றுப் பத்திரம் மட்டும் கைமாறும். முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் "கலப்பு" அல்லது "மாஸ் பேலன்ஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். விவசாயிக்கு அதில் நன்மை உண்டு, குறை சொல்லவில்லை. "யார் விளைவித்தார்" என்ற உங்கள் நிபந்தனை அதில் நிறைவேறாது, அவ்வளவே.

வரப்போரம்:

பொட்டலம் இல்லாத சரக்குக்கு நான் சொல்கிறேன். "மருந்து அடிப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று முடியும் கேள்விக்கு வியாபாரத்தில் ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக இப்படி ஆரம்பியுங்கள்: "இது என்ன ரகம்? நாற்று எங்கே எடுத்தீர்கள்? எப்போது நட்டீர்கள்? இந்த முறை எந்தப் பூச்சி அதிகம், என்ன செய்தீர்கள்? முன் போகம் அந்த இடத்தில் என்ன இருந்தது? அடுத்த வாரம் எது வராது?" விளைவித்தவருக்கு இதெல்லாம் நுனி நாக்கில் இருக்கும். கேட்காமலே கூடுதலாக நாலு சொல்வார், பாதியில் மழையைத் திட்டுவார். மொத்தச் சந்தையில் எடுத்து மறுவிற்பனை செய்கிறவர் ரகத்தின் பெயரிலேயே தடுமாறுவார். "பூச்சியே வராது" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

கூடையையும் பாருங்கள். சொந்த அறுவடை என்றால் பெரிதும் சிறிதுமாக, பழுத்தும் காயாகவும் கலந்து வரும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஏற்கெனவே எங்கோ தரம்பிரித்த சரக்கு. ஆனால் பூச்சி ஓட்டை இருந்தால் மருந்தடிக்காதது என்று நம்புவதும் தப்பு. மருந்து அடித்தும் பூச்சி தின்ற தோட்டங்கள் எவ்வளவோ. அதேபோல ஒரே மேஜையில் குளிர் நிலத்துப் பழமும் வெப்ப நிலத்துப் பழமும் இருந்தால் இரண்டும் ஒரே தோட்டத்தில் வந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்பதைத்தான் நான் அதிகம் நம்புவேன். திறந்தவெளித் தக்காளி, நன்றாக வந்தால், ஏக்கருக்கு 10 முதல் 15 டன். அதுவும் ஒரே நாளில் வராது, முதல் பறிப்பிலிருந்து 6 முதல் 10 வாரம் வரை பரவும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் வாரம் 500 கிலோ வீதம் வருடம் முழுக்கக் கொடுத்தால் 26 டன் ஆகிறது. அந்த நிலம் ஒரு போகத்தில் அதிகபட்சமாகக் கொடுப்பதைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. இரண்டு போகம் எடுத்தாலும் ஈடு கட்ட முடியாது. பாக்கி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். முட்டைக்கும் இதே கணக்குதான். கலப்பினக் கோழிகள் உச்சத்தில் இருக்கும்போது 100 கோழிக்கு 90 முட்டையைத் தாண்டினாலே பெரிய விஷயம், சிறகு உதிர்க்கும் காலத்தில் வெகுவாகக் குறையும். நாட்டு ரகம் என்றால் இதில் பாதிகூடத் தேறாது. 100 கோழி வைத்துக்கொண்டு நாள் தவறாமல் 120 முட்டை தருகிறவரிடம் கோழிகள் அல்லாத வேறு ஏதோ ஒன்றும் முட்டையிடுகிறது.

தோட்டத்துக்குப் போனால் பயிரைப் பார்ப்பதற்கு முன் கிடங்கைப் பாருங்கள். தெளிப்பான் எங்கே, அதில் வாசம் என்ன, காலி புட்டிகள் எங்கே குவிகின்றன, விதைப் பையில் மருந்து நேர்த்தி செய்த சிவப்புச் சாயம் இருக்கிறதா. உரம் போடவில்லை என்றால் பயிருக்குச் சத்து எதிலிருந்து? மாடு எத்தனை, கம்போஸ்ட் குழி எங்கே, வெளியிலிருந்து எரு வாங்கினால் வண்டிக் கணக்கு எங்கே? பக்கத்து வயலில் மருந்து அடித்தால் காற்று எந்தப் பக்கம் வீசும், நடுவில் வேலிமரமோ இடைவெளியோ உண்டா? தண்ணீரை மறக்க வேண்டாம். மருந்தே படாத பயிர், ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிக்கொண்டே போகும் ஆழ்துளைக் கிணற்றில் விளைந்தால் அதை நீடித்த விவசாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சான்றிதழ் நகல் என்றீர்கள். நான்கு இடம் பாருங்கள்: யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதிவரை செல்லும், எந்தப் பயிர்களுக்கு, எவ்வளவு பரப்புக்கு. நெல்லுக்கு வாங்கிய சான்றைக் காட்டி மிளகாய் விற்பது சாதாரணமாக நடக்கிறது. எண்ணைச் சான்றளித்த அமைப்பின் இணையப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். "மாற்றக் காலம்" என்று போட்டிருந்தால் நிலம் இன்னும் முழுச் சான்று பெறவில்லை. ஐரோப்பிய விதிப்படி ஓராண்டுப் பயிருக்கு விதைப்பதற்கு முன் 2 ஆண்டு, மரப்பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு. அந்தக் கட்டத்தில் செலவு கூடும், முழு விலை கிடைக்காது. குழுவாக வாங்குகிறவர்கள் தயங்காமல் எடுக்க வேண்டியது இந்தச் சரக்கைத்தான் என்பது என் கருத்து.

குடுவை:

ஆய்வக அறிக்கை பற்றி. அறிக்கையில் "மாதிரி பெறப்பட்டபடி" என்ற வாசகம் இருந்தால், விற்பவரே கொண்டுபோய்க் கொடுத்ததைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். அது எந்தக் கூடையிலிருந்து வந்தது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. மாதிரியை நீங்கள் எடுங்கள். கோடெக்ஸ் முறைப்படி தக்காளி, ஆப்பிள் அளவுள்ள காய்கனிக்குக் குறைந்தது 10 எண்ணம், 1 கிலோ. முட்டைக்கோஸ் போலப் பெரியதற்குக் குறைந்தது 5 எண்ணம், 2 கிலோ. ஒரே கூடையின் மேலிருந்து அள்ளாமல் பல கூடைகளில், அடியிலிருந்தும் எடுக்க வேண்டும். கழுவக் கூடாது, அழுகியதைச் சேர்க்கக் கூடாது.

அடுத்து, "200 மருந்துகளுக்குச் சோதித்தோம், எதுவும் இல்லை" என்ற வரி. பல மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடும் வழக்கமான பரிசோதனையில் கிளைபோசேட் களைக்கொல்லி பிடிபடாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். மாங்கோசெப் வகைப் பூஞ்சைக்கொல்லிகளும் அப்படியே, அவற்றைக் கார்பன் டைசல்பைடாக மாற்றி அளக்கும் தனி முறை இருக்கிறது. அறிக்கையின் பின்பக்கத்தில் மருந்துப் பட்டியல் இருக்கும், உங்கள் பகுதியில் அந்தப் பயிருக்கு உண்மையில் எதை அடிக்கிறார்களோ அது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அளவீட்டு வரம்பு, அதாவது ஆய்வகம் நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு, 0.01 மில்லிகிராம்/கிலோ அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, குறிப்பாக அந்தச் சோதனைக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள்.

தேன் தனிக்கதை. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகும், தீக்குச்சியில் தடவினால் எரியும், எறும்பு வராது என்பதெல்லாம் பயனற்ற சோதனைகள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் போகும். உறைந்தால் கலப்படம் என்பதும் தவறு, குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் உறையத்தான் செய்யும். வீட்டில் ஒழுங்காக அளக்க முடிந்தது ஈரப்பதம் ஒன்றுதான். தேனுக்கான கைக்கருவியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கோடெக்ஸ் வரம்பைத் தாண்டிவிட்டது, புளிக்கவும் வாய்ப்பிருக்கிறது. முதிராமல் எடுத்தது என்று கொள்ளலாம்.

ஆய்வகத்திலும் எல்லாச் சோதனையும் எல்லாப் பாகையும் பிடிக்காது. கார்பன் ஐசோடோப்புச் சோதனை கரும்பு, மக்காச்சோளப் பாகை நன்றாகப் பிடிக்கும், ஏனெனில் அந்தச் செடிகளின் ஒளிச்சேர்க்கை வழியே வேறு. அரிசிப் பாகும் பீட்ரூட் வகைச் சர்க்கரைப் பாகும் பூக்களைப் போன்ற அதே கார்பன் வழியைச் சேர்ந்தவை, தப்பிவிடும். கலப்படக்காரர்கள் அந்தப் பக்கம் தாவியது இதனால்தான். அவற்றுக்கு என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்திசைவு) சோதனை வேண்டும், அதுவும் ஒப்பிட நல்ல மாதிரித் தொகுப்பு இருந்தால்தான் பயன். எந்தப் பகுதித் தேன் என்று அறிய மகரந்தத்தைப் பார்ப்பார்கள். மிக நுண்ணிய வடிகட்டலில் மகரந்தமே போய்விட்டால் அந்த வழியும் அடைபடும். ஆகவே லேசாக வடிகட்டிய தேனைக் கேளுங்கள். கூடவே எந்த மாதம் எடுத்தது, அப்போது எந்தப் பூ, அறுவடைக்கு எத்தனை வாரம் முன்பு தேனீக்களுக்குத் தீனியாகச் சர்க்கரைப் பாகு வைப்பதை நிறுத்தினார் என்றும் கேளுங்கள்.

தராசுமுள்:

கிலோமீட்டர் எல்லையை முக்கிய நிபந்தனையாக வைக்காதீர்கள். 2018-ல் சயன்ஸ் இதழில் வந்த பூரே, நெமெசெக் ஆய்வு 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்தது. அதன்படி உணவுத் துறையின் பசுமைக்குடில் வாயுவில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம்தான். நிலமும் பண்ணையும்தான் பெரும்பங்கு.

கப்பலில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 10 முதல் 20 கிராம் கார்பன் டையாக்சைடு. 10,000 கிலோமீட்டர் வந்த ஒரு கிலோ சரக்குக்கு 0.1 முதல் 0.2 கிலோ. விமானம் என்றால் டன்–கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோ, அதே தூரத்துக்கு ஒரு கிலோ சரக்கின் கணக்கு 10 கிலோவுக்குப் போகும். ஆகவே எத்தனை தூரம் என்பதைவிட எதில் வந்தது என்று கேளுங்கள். சீக்கிரம் கெடும், எடை குறைந்த, விலை கூடிய பெர்ரி, பச்சைப் பீன்ஸ், வெட்டுப் பழம் போன்றவை கடல் கடந்து "இன்று பறித்தது போல" வந்தால் விமானத்தில்தான் வந்திருக்கும்.

உங்கள் வண்டியையும் சேருங்கள். பெட்ரோல் கார் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 கிலோ விடும். 5 கிலோ காய்க்காகப் போகவர மொத்தம் 10 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு கிலோ காய்க்கு 0.4 கிலோ, கப்பல் கணக்கைத் தாண்டிவிட்டது. அந்த வகையில் 30 வீட்டுக்கு ஒரே வண்டி என்பது நல்ல ஏற்பாடு.

வரப்போரம்:

6 சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். 2022-ல் நேச்சர் ஃபுட் இதழில் வந்த ஆய்வு, உரம், தீவனம், இயந்திரம் பண்ணைக்கு வந்து சேரும் போக்குவரத்தையும் சேர்த்து எண்ணி, ஏறக்குறைய 20 சதவீதம் என்றது. எதை எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு. தவிர, தூரம் குறைவாக இருப்பதன் பெரிய லாபம் கார்பன் கிடையாது, நேரில் போய்ப் பார்க்க முடியும் என்பது. காலையில் போய் மாலையில் திரும்ப முடிகிற தூரத்தை எல்லையாக வையுங்கள்.

தராசுமுள்:

அந்த எல்லைக்கு எனக்கு மறுப்பில்லை. பருவத்தையும் சேர்த்தால் சரி. குளிர்காலத்தில் சூடேற்றிய கண்ணாடிக்கூண்டில் பக்கத்தூரில் விளைந்த தக்காளி, வெயில் நாட்டில் திறந்தவெளியில் விளைந்து லாரியில் வந்ததைவிடக் கூடுதல் ஆற்றலைத் தின்னும். ஆப்பிளை 1 முதல் 3 சதவீத ஆக்சிஜனில், பூஜ்யம் டிகிரியை ஒட்டி, பல மாதம் வைக்கிறார்கள். அதுவும் 'உள்ளூர்' ஆப்பிள்தான், அறுவடைத் தேதியைக் கேட்டால்தான் தெரியும்.

கூடைக்கணக்கு:

முட்டைக்காரர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார், கோழிகளைப் பார்த்தோம், நன்றாகத்தான் இருக்கின்றன. அதோடு போதுமா? மீனுக்கு என்ன கேட்பது? முக்கியமாக, நல்ல விவசாயிகள் சிலரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, அவர்களை ஒதுக்குவதா?

லேபிள்புழு:

முட்டையில் தீவனத்தைக் கேளுங்கள். முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். ஒரு கிலோ முட்டைக்கு ஏறக்குறைய 2 கிலோ தீவனம். அந்தத் தீவனத்தின் சோயா எங்கிருந்து வருகிறது? கோழி பக்கத்து ஊரில் இருந்தாலும் அதன் வயலில் பெரும்பகுதி வேறு நாட்டில் இருக்கலாம். தீவன மூட்டையின் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய முட்டை கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: ஓட்டில் அச்சிட்ட முதல் எண் 0 ஆர்கானிக், 1 வெளியில் மேயவிட்டது, 2 கொட்டகைத் தரையில் வளர்த்தது, 3 கூண்டு. அடுத்த இரண்டெழுத்து நாடு, அதன்பின் பண்ணையின் எண். அட்டைப்பெட்டியின் படத்தை விட்டுவிட்டு ஓட்டைப் படியுங்கள்.

மீனுக்கு நான்கு கேள்வி: எந்த இனம், கடலில் பிடித்ததா வளர்த்ததா, எந்தப் பகுதி, எந்த வலை. "டூனா" என்பது இனப்பெயராகாது. உலகக் கடல்களை ஐநா உணவு, வேளாண் அமைப்பு எண்ணிட்டிருக்கிறது: 51 மேற்கு இந்தியப் பெருங்கடல், 57 கிழக்கு இந்தியப் பெருங்கடல், 27 வடகிழக்கு அட்லாண்டிக். பெட்டியில் அந்த எண் இருந்தால் நல்லது. தூண்டில் அல்லது கம்பித்தூண்டிலில் பிடித்ததற்கும், கடலடியைச் சுரண்டும் இழுவைமடியில் பிடித்ததற்கும் மலையளவு வித்தியாசம். உறைந்ததை உருக்கி 'ஃபிரெஷ்' என்று வைப்பதும் உண்டு, கேட்டுவிடுங்கள்.

வரப்போரம்:

காகிதம் இல்லாதவரை ஒதுக்க வேண்டாம், காகிதத்தை நீங்கள் கொடுங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு: தேதி, பாத்தி எண், என்ன செய்தார் (விதைப்பு, எரு, தெளிப்பு, அறுவடை), அளவு. நான்கு பத்தி போதும், எட்டுப் பத்தி போட்டால் இரண்டாம் வாரமே நின்றுவிடும். தெளிப்பில் வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் எழுத வேண்டும், "இயற்கையானதுதானே" என்று விடுவதில்தான் ஓட்டை விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாங்குகிறவர் இருவரும் வேறு ஒரு விவசாயியும் சேர்ந்து போய் நோட்டையும் வயலையும் ஒப்பிடுங்கள். பங்கேற்பு உத்தரவாத முறை என்று பல நாடுகளில் இருப்பதன் அடிப்படை இதுதான். இன்னொரு விவசாயி கட்டாயம் வேண்டும். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரியும்.

கூடைக்கு ஒரு சீட்டு: பெயர், பாத்தி, ரகம், அறுவடைத் தேதி, எடை. ஈரக்கீரையோடு உள்ளே போட்டால் பேனா மை கரைந்துவிடும், அட்டையில் பென்சிலால் எழுதிக் கைப்பிடியில் கட்டுங்கள். பிரித்துக் கொடுக்கும்போது சீட்டைத் தூக்கி எறியாமல் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு 30 நாள் வைத்திருங்கள். சீட்டு இல்லாமல் வந்த கூடையை முதல்முறை இறக்கிக்கொண்டு "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அடுத்த வாரம் நாலு கூடை சீட்டு இல்லாமல் வரும்.